குளவி கொட்டிய கை

அன்பான நேயர்களே, வணக்கம்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள் நான். கொழுந்து மலையில் குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். புறங்கையில் ஒரேயொரு கொட்டு. கொட்டிய இடம் மிளகளவு, சிவப்போ மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. "விஷம் ஏறுது" என்று பாட்டி சுண்ணாம்பு தடவினார். ஏறியது விஷம் மட்டுமல்ல என்பது மருத்துவம் படிக்கும்போதுதான் புரிந்தது.

நீங்களே பாருங்கள். முன்கையில் நகத்தால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். முதலில் கோடு சிவக்கும். அப்புறம், நகமே படாத சுற்றுத்தோலும் சிவக்கும். தோமஸ் லூயிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் 1927இல் இதை விரிவாக எழுதினார். நரம்பு அழிந்துபோன தோலில் அந்தச் சுற்றுச் சிவப்பு வராது. வலியை மூளைக்குச் சொல்லப் போகும் நரம்பு, வழியிலேயே தன் பக்கத்துக் கிளைகளையும் தட்டி எழுப்பிவிடுகிறது. கிளை நுனிகளிலிருந்து கசியும் பொருள்கள் இரத்தக்குழாய்களை விரிக்கின்றன. இப்படிச் சிவந்து வீங்குவதுதான் அழற்சி. அந்தச் சொல்லுக்குள்ளேயே அழல், அதாவது நெருப்பு, இருக்கிறது, பாருங்கள். அதை மூட்டுவதில் நரம்புக்கும் பங்கு உண்டு.

அணைப்பதிலும் உண்டு. மூளையடியிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குவது வேகஸ் நரம்பு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கெவின் ட்ரேசியின் குழு, பாக்டீரியா நஞ்சு ஏற்றிய எலிகளில் இந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டியது. அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப் என்ற பொருள் குறைந்தது. சேதி மண்ணீரலுக்குப் போகிறது. அங்குள்ள சில வெள்ளையணுக்கள், நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் அசெற்றைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கின்றன. டிஎன்எஃப் செய்யும் அணுக்கள் கையைக் கட்டிக்கொள்கின்றன. நம் இதயத்துடிப்பைத் தணிப்பதும் இதே அசெற்றைல்கோலின்தான்.

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்காக, இந்த வேகஸ் நரம்பைத் தூண்டக் கழுத்தில் பொருத்தும் ஒரு சிறு மின்கருவிக்கு 2025இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்லாருக்கும் அது பலிப்பதில்லை. கழுத்தைத் தடவினாலே மூட்டுவலி பறந்துவிடும் என்று போனில் வரும் வீடியோக்களை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குளவி பல இடத்தில் கொட்டினாலோ, மூச்சு முட்டினாலோ, சுண்ணாம்பைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, கோடு போட்டவர்கள் கையைப் பாருங்கள். சுற்றுச் சிவப்பு மங்கத் தொடங்கியிருக்கும். அம்மாவின் கை வற்ற மூன்று நாளாயிற்று. அதில் இரண்டு நாள் அவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழுந்தது.