கொம்பு எந்தப் பக்கம் முறியும்?

(மட்டக்களப்பில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த ஒரு மாலையில் பேசியது. எழுத்தாக்கும்போது இழுவைகளை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே வரும் வழியில் பஸ் திடீரென்று பிறேக் போட்டது. காரணம் நமக்குப் பழகியதுதான்: நடு வீதியில் மாடு. நின்றுகொண்டு வந்த நாங்கள் எல்லோரும் முன்னால் சரிந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். ஒரு அம்மா கொண்டக்டரைப் பார்த்து, "ஏன் தம்பி தள்ளுறீங்க?" என்று ஏசினார். பாவம், அந்தத் தம்பியும் எங்களோடுதான் விழுந்து கிடந்தார்.

உண்மையில் யாரும் யாரையும் தள்ளவில்லை. பிறேக் பிடித்தது சில்லைத்தான். பஸ் நின்றது, நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து ஒரு விசை வந்து குழப்பும்வரை ஓய்ந்திருக்கிற பொருள் ஓய்ந்தே இருக்கும், போகிற பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். நியூற்றனின் முதலாம் விதி என்று பாடமாக்குகிறோமே, அது இதுதான். பொருளின் இந்தப் பிடிவாதத்துக்குச் சடத்துவம் என்று பெயர். சொல் கரடுமுரடாக இருக்கிறது என்று பிள்ளைகள் முறைப்பாடு சொல்வதுண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த நம்முடைய விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர், தமிழில் கலைச்சொல் ஆக்குவதற்கு உழைத்தவர். கல்லடி உப்போடையில் அவருடைய சமாதிக்குப் பக்கத்தில் நின்று அந்த முறைப்பாட்டைச் சொல்ல எனக்குத் துணிவில்லை!

சரி, விதி கேட்க லேசாக இருக்கிறது. ஆனால் மனிதருக்கு இது பிடிபட ஏறக்குறைய 2000 வருடம் எடுத்தது. தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்று அரிஸ்டோட்டில் சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கல்லடிக் கடற்கரை மணலில் சைக்கிள் ஓடிப் பாருங்கள். மிதிப்பதை விட்ட அந்த இடத்திலேயே நிற்கும். அரிஸ்டோட்டில் வென்றார் என்றுதான் தோன்றும். அதே சைக்கிளைத் தார் வீதிக்குக் கொண்டுவந்து விட்டால் மிதிக்காமலே கொஞ்சத் தூரம் போகும். அப்படியானால் நிறுத்துவது சைக்கிளின் குணமா, மணலின் உராய்வா? இத்தாலியில் கலிலியோ இந்த வழியில்தான் யோசித்தார். உராய்வே இல்லாத பாதை கிடைத்தால் உருளும் பந்து ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டார். அவர் 1642இல் காலமானார். 1687இல் நியூற்றன் 'பிரின்சிப்பியா' என்ற நூலில் மூன்று விதிகளையும் எழுதிவைத்தார்.

இரண்டாம் விதியைச் சூத்திரமாகச் சொன்னால் பின்வரிசை எழும்பிப் போய்விடும். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கியில் பிள்ளையை இருத்திக்கொண்டு வருகிற அப்பாமாரைத் தினமும் பார்க்கிறேன். ஒருவரிடம் கேட்டதற்கு, "நான் இறுக்கிப் பிடிச்சிருக்கன் சேர்" என்றார். பிள்ளை 10 கிலோ என்று வையுங்கள். வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 11 மீற்றர். எதிலாவது மோதி 0.1 செக்கனில் வண்டி நிற்கிறது. பிள்ளையும் அதே நேரத்துக்குள் நிற்க வேண்டுமென்றால், 10ஐ 11ஆல் பெருக்கி 0.1ஆல் வகுங்கள், ஏறக்குறைய 1100 நியூற்றன் விசை தேவை. 110 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்குவதற்குச் சமம் அது. ஒரு உரப்பை 50 கிலோ. இரண்டு உரப்பையையும் அதற்குமேல் ஒரு பை அரிசியையும் ஒற்றைக் கையால் பிடிப்பீர்களா? மற்றக் கை ஹாண்டிலில் இருக்கிறதே!

ஹெல்மெட் இதே கணக்கைத் திருப்பிப் போடுகிறது. உள்ளே இருக்கிற நுரைப்பஞ்சு நசிவதால் தலை நிற்க எடுக்கும் நேரம் கூடுகிறது, நேரம் கூடினால் விசை குறைகிறது. கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறீர்களே, அதே வித்தைதான்.

ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான ஒரு மறுதாக்கம் உண்டு என்கிற மூன்றாம் விதிக்கு வாவிக்குத்தான் போக வேண்டும். தோணிக்காரர் நீண்ட கம்பை அடித்தரையில் ஊன்றிப் பின்பக்கமாகத் தள்ளுகிறார். தரை கம்பை முன்பக்கமாகத் தள்ளுகிறது, தோணி போகிறது. கரை வந்ததும் அவசரப்பட்டுக் குதித்தால் தோணி பின்னால் வழுக்கும், கால் தண்ணீருக்குள் இருக்கும். வட்டைக்குள், அதாவது வயலுக்குள், உழவு மெஷின் புதைவதும் இதனால்தான். சில்லு சேற்றைப் பின்னால் தள்ளப் பார்க்கிறது. சேறு எதிர்த்து நிற்காமல் இளகிப் போய்விடுகிறது. பிறகு மெஷினை முன்னால் தள்ள யார் இருக்கிறார்கள்?

இந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பையன் எழும்பினான். "சேர், இரண்டு விசையும் சமன், எதிரெதிர்த் திசை என்றால் ஒன்றையொன்று வெட்டிவிடாதா? பிறகு எப்படி எதுவும் அசையும்?"

நல்ல கேள்வி மகன். பக்கத்து வீட்டுக்காரர் உனக்கு 1000 ரூபாய் தந்தார். அவருக்கு 1000 செலவு, உனக்கு 1000 வரவு. இரண்டையும் கூட்டிப் பூச்சியம் என்று சொல்லி, ஒன்றும் நடக்கவில்லை என்பாயா? கணக்கு அவருக்கு வேறு, உனக்கு வேறு. தாக்கம் ஒரு பொருளில், மறுதாக்கம் மற்றப் பொருளில். ஒரே பொருளில் விழுகிற விசைகள்தான் ஒன்றையொன்று வெட்டும்.

இன்னும் நன்றாக விளங்க வேண்டுமா? நம்முடைய கொம்புமுறி இருக்கிறது. வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, வளைந்த இரண்டு மரக்கொம்புகளைக் கொளுவி, கயிறு கட்டி இழுக்கிற விளையாட்டு அது. கொம்பு முறிந்த கட்சி தோற்றது. ஒரு பக்கம் நூறு பேர், மறுபக்கம் ஐம்பது பேர் என்று வையுங்கள். எந்தக் கொம்பில் விசை கூட? கையை உயர்த்துங்கள் என்றேன். மண்டபத்தில் பாதிக்கு மேல் நூறு பேரின் பக்கம் உயர்ந்தது.

இரண்டிலும் ஒரே அளவுதான். இந்தக் கொம்பு அந்தக் கொம்பை எவ்வளவு இழுக்கிறதோ, அந்தக் கொம்பும் இதை அவ்வளவே இழுக்கும். ஆள் கூடிய பக்கம் மற்றவர்களை மணலில் இழுத்துக்கொண்டு போகலாம், அது காலுக்கும் தரைக்கும் உள்ள உராய்வின் கதை. கொம்புகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஓரவஞ்சனை கிடையாது. அப்படியிருந்தும் ஒன்று முறிகிறது, மற்றது முறிவதில்லை. வித்தியாசம் மரத்தில். வைரம் பாய்ந்ததா, உள்ளே வெடிப்பு இருந்ததா, வளைவு எப்படி விழுந்திருக்கிறது என்பதுதான் தீர்க்கிறது. லொறியும் சைக்கிளும் மோதினால் இரண்டுக்கும் ஒரே விசைதான் என்று நான் சொன்னால் வீட்டில்கூட நம்புவதில்லை. விசை ஒன்று, தாங்குகிற உடம்பு வேறு.

கூட்டம் முடிந்த பிறகு வயதான ஐயா ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "அப்ப நாங்க அந்த வருசம் தோத்தது ஆள் குறைஞ்சதால இல்லையா?" என்று கேட்டார். இல்லை ஐயா, மரத்தில்தான் பிழை இருந்திருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். கொம்புக்கு மரம் வெட்டியது யார் என்று கேட்டேன்.

அவர்தானாம்.