கொல்லைக் கதவும் 85 ரூபாய் தாழ்ப்பாளும்

வணக்கம் மக்களே. காபி டபரா இல்லாமல் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்றாலே விஷயம் காரம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னால் கேட்பது டிராக்டர். குறுவைக்கு உழவு ஓட்டுகிறார்கள், நிறுத்தச் சொல்ல முடியாது. தண்ணீர் வந்துவிட்டதே! அந்தத் தண்ணீரால்தான் இன்றைக்கு இந்த வீடியோ.

மே மாதம் பாப்பாவைச் சேர்த்த அந்தச் சின்னப் பள்ளியைப் பற்றி ஒரு வீடியோ போட்டேன், ஞாபகம் இருக்கும். பழைய ஓட்டு வீடு, முற்றம், திண்ணை, மரப்பொம்மை, பருத்தித் துணி என்று உருகி உருகிப் பேசியிருந்தேன். தேன்மெழுகு கிரேயான் டப்பா 1,700 ரூபாய் என்று சொன்னதற்கு நீங்கள் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டீர்கள். இப்போதும் சொல்கிறேன், அந்த மணத்துக்கே கொடுக்கலாம். சரி, கிரேயான் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. இது ஸ்டெய்னர் முறைப் பள்ளி. வால்டார்ஃப் என்றும் சொல்வார்கள். 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில், வால்டார்ஃப் அஸ்டோரியா என்ற சிகரெட் ஆலையின் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டெய்னர் தொடங்கியது. சிகரெட் கம்பெனிப் பெயரில் குழந்தைகள் பள்ளியா என்று என் மாமியார் இன்னமும் சிரிக்கிறார்கள். மழலையர் வகுப்பு பிறகு வந்தது. ஸ்டெய்னர் இறந்ததற்கு அடுத்த வருஷம், 1926-ல். ஏழு வயது நெருங்கும்வரை எழுத்தும் கணக்கும் கிடையாது. விளையாட்டு, பாட்டு, கதை, கைவேலை, சமையல்தான். மூன்று வயதும் ஆறு வயதும் ஒன்றாகவே இருக்கும். அங்கே வாரத்தில் ஒரு நாள் ரொட்டி சுடுவார்கள் என்றால், இங்கே புதன்கிழமை கொழுக்கட்டை. பொம்மைக்கு மூஞ்சி கிடையாது, மிஞ்சினால் இரண்டு புள்ளி. சிரிக்கிறதா அழுகிறதா என்பதைக் குழந்தையே நினைத்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. மீசையும் நகையுமாகத் தலையாட்டிப் பொம்மை செய்கிற தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்துகொண்டு மூஞ்சி இல்லாத பொம்மை! அதை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன செவ்வாய், பல் டாக்டரிடம் போகவேண்டும் என்று பாப்பாவைக் கூப்பிடச் சீக்கிரமே போனேன். பதினொன்றரை மணி. குழந்தைகள் கொல்லையிலிருந்து உள்ளே வருகிற நேரம். அங்கே ஒரு பாட்டு உண்டு. பாடிக்கொண்டே ஒவ்வொரு குழந்தையின் தலையையும் தொட்டு உள்ளே விடுவார் அக்கா. டீச்சரை அங்கே எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவது. பார்த்தால் ஏதோ கொஞ்சல் மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்குப் பாட்டு பாதியில் நின்றது. "பதிமூணு" என்றார் அக்கா. இருக்க வேண்டியது பதினாலு. ஆயாம்மா அடுத்த நொடி கொல்லைக்கு ஓடினார்கள். செருப்புகூடப் போடவில்லை.

கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். படித்துறையின் இரண்டாவது படியில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாழைப்பட்டையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான். படகாம். ஆயாம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை. பையனுக்குப் படகு போன வருத்தம் மட்டும்தான். எனக்குத்தான் கால் நடுங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இதிலே என் மேலேயே எனக்குக் கோபம் எதற்கென்றால், மே மாதம் அந்தக் கதவைத் திறந்து நானே வீடியோ எடுத்திருக்கிறேன். "பாருங்கள், வாய்க்காலை ஒட்டிய கொல்லை, என்ன அழகு" என்று என் வாயால் சொல்லியிருக்கிறேன். போய்ப் பாருங்கள், ஒன்பதாவது நிமிஷம். அப்போது வாய்க்கால் காய்ந்து கிடந்தது, நடுவில் ஆடு மேய்ந்தது. ஆனால் டெல்டாவில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரிய வேண்டாமா? ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணை, அதற்கப்புறம் ஆறு, அப்புறம் வாய்க்கால். பள்ளிக்கூடமும் ஜூன், தண்ணீரும் ஜூன். என் முழங்கால் அளவுத் தண்ணீர் அந்தப் பையனுக்கு இடுப்பளவு. தண்ணீரில் விழுந்த குழந்தை சினிமாவில் வருவதுபோலக் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே வராது.

உலக சுகாதார நிறுவனம் குழந்தைகள் நீரில் மூழ்குவதைத் தடுக்கச் சொல்கிற வழிகளில் ஒன்று தண்ணீருக்கு முன்னால் தடுப்பு. இன்னொன்று என்ன தெரியுமா? பள்ளி வயது வராத குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம். அதாவது இந்த மாதிரிப் பள்ளியேதான் மருந்து! மருந்துப் பாட்டிலுக்கு மூடி இல்லை, அதுதான் சங்கதி.

கதவு எப்படித் திறந்தது என்று கேட்பீர்கள். பழைய நாதாங்கி துருப்பிடித்து விழுந்து ஒரு வருஷம் ஆகிறதாம். அதற்குப் பதில் கயிறு கட்டியிருந்தார்கள். அதுவும் நைலான் கயிறு ஆகாது, பிளாஸ்டிக்காம், அதனால் தேங்காய்நார்க் கயிறு. சரி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற முக்கியமான கைவேலை என்ன? விரல் பின்னல்! ஊசி இல்லாமல் விரலாலேயே நூலைக் கோத்து வளையம் வளையமாகப் பின்னுவது. என் பாப்பா நாலு வயசிலேயே என் ஜடையை எனக்குத் தெரியாமல் முடிச்சு முடிச்சாகப் போட்டுவிடுகிறாள். ஐந்து வயதுக்காரனுக்கு முடிச்சு அவிழ்க்கிறது என்ன பெரிய வித்தையா? அவர்களே பயிற்சி கொடுத்துவிட்டு அவர்களே கயிறு கட்டியிருக்கிறார்கள்.

பள்ளியை நடத்துகிறவரிடம் அன்றைக்கே பேசினேன். நல்ல மனிதர்தான், மெதுவாகப் பேசுவார். "குழந்தைக்குத் தன் எல்லை தானாகவே தெரிய வரும், எல்லாவற்றையும் பூட்டினால் பயம்தான் வளரும்" என்றார். எனக்கு வந்தது பாருங்கள்! குழந்தைக்கு எல்லை தெரியும் சார், வாய்க்காலுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். அப்புறம் தாழ்ப்பாள் போடுகிறோம், மாதக் கடைசியில் கமிட்டி கூடும்போது வைக்கிறோம் என்றார். தாழ்ப்பாளுக்கு ஒரு கமிட்டி!

அன்று சாயங்காலமே பெரிய கடைத்தெருவுக்கு வண்டியை விட்டேன். முதல் கடையில் 60 ரூபாய்க்கு இரும்புத் தாழ்ப்பாள். கையில் வாங்கினால் தகரம் மாதிரி வளைகிறது, வாய்க்கால் ஈரத்துக்கு ஒரு மழை தாங்காது. இரண்டாவது கடையில் பித்தளை, 340. நான் என்ன கோயில் கதவுக்கா வாங்குகிறேன்? மூன்றாவது கடை அண்ணாச்சி ஆறு அங்குல ஸ்டீல் டவர் போல்ட் எடுத்துப் போட்டார், 85 ரூபாய். கனமாக, வழுவழுவென்று, இழுத்தால் 'டக்' என்று உட்காருகிறது. எனக்கு அந்தச் சத்தமே பிடித்துவிட்டது, கடையிலேயே பத்துத் தடவை இழுத்துப் பார்த்தேன். பில் போடும்போது 101 என்கிறார். என்ன என்றால், ஸ்க்ரூ தனியாம், ஒன்று 2 ரூபாய், எட்டு ஸ்க்ரூ. ஸ்க்ரூ இல்லாமல் தாழ்ப்பாளைக் கதவில் பசை போட்டா ஒட்டுவார்கள்? சட்டை விற்றுவிட்டுப் பொத்தானுக்குத் தனிக் காசு கேட்கிற மாதிரி! கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு ஸ்க்ரூ கூடப் போட்டுக் கொடுத்தார். ஆசாரி மாட்டித் தர 400 கேட்டார், அதுவும் நாளை மறுநாள்தான் வருவாராம். நானே என் அண்ணன் டிரில்லிங் மிஷினைக் கொண்டுபோய் மறுநாள் காலை எட்டு மணிக்கு மாட்டிவிட்டேன். தரையிலிருந்து ஐந்தடி உயரம். கொஞ்சம் கோணல்தான், ஆனால் உட்காருகிறது. டக்!

இதைக் கேட்டுவிட்டுப் பள்ளியே மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யோசித்துப் பார்த்தால், நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அதெல்லாம் அங்கே பத்திரமாக இருக்கிறது. சேர்க்கும்போது என் பயம் கத்தி. ஆமாம், அங்கே குழந்தைகள் நிஜக் கத்தியால் காய் நறுக்குவார்கள். ஆனால் ஒரு பலகையில் இரண்டு பேர், நடுவில் ஆயாம்மா. கத்தி எண்ணி வெளியே வரும், எண்ணி உள்ளே போகும். கதை நேரத்தில் விளக்கு ஏற்றுவது அடுத்த பயம். அகல் விளக்கு பித்தளைத் தாம்பாளத்தின் நடுவில் இருக்கும், அக்கா அதைவிட்டு நகரவே மாட்டார், கதை முடிந்ததும் அணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மணல் குவித்திருக்கிற இடத்துக்கு மேலே தென்னை மரம் இருக்கிறதே என்று கேட்டேன், நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தடவை ஆள் ஏறிக் காயும் காய்ந்த மட்டையும் இறக்கிவிடுகிறார். கிணற்றுக்குக் கம்பி மூடி, பூட்டு. தனியார் மழலையர் பள்ளிகளுக்கு தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் போட்ட வழிகாட்டுதலில் 20 குழந்தைக்கு ஒரு டீச்சர், ஓர் உதவியாளர் என்று இருக்கிறது. இங்கே 14 குழந்தைக்கு இரண்டு பேர். தலை எண்ணுகிற அந்தப் பாட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கதை வேறு.

இருங்கள், ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தடுப்பூசி. ஸ்டெய்னர் வழிக்காரர்களில் சிலர் ஊசிக்கு முகம் சுளிப்பவர்கள், ஐரோப்பாவில் இந்த மாதிரிப் பள்ளிகளில் தட்டம்மை பரவியிருக்கிறது. அதனால் சேர்க்கும்போதே ஒரு சண்டைக்குத் தயாராகப் போனேன். பார்த்தால் அக்காவே முதலில் கேட்டது ஊசி அட்டையைத்தான். ஒன்பது மாதத்தில் போட்டது, ஒன்றரை வயதில் போட்டது என்று விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் விண்ணப்பத்தையே வாங்கினார். சண்டை போட முடியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இன்னொன்று. சேர்ந்த புதிதில் நடந்த பெற்றோர் கூட்டம். சென்னையிலிருந்து குடிவந்த ஓர் அப்பா, பாவம், நல்லெண்ணத்தில்தான் சொன்னார்: "கொல்லையில வெயில் அடிக்குது, தகரமெல்லாம் வேண்டாம், இயற்கையா ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுடலாமே." கூடம் அப்படியே அமைதியாகிவிட்டது. காற்றாடி சத்தம் மட்டும் கேட்கிறது. அப்புறம் பேரனைக் கூட்டிவந்திருந்த ஒரு பாட்டி மெதுவாகச் சொன்னார்கள்: "கும்பகோணத்துக்காரங்ககிட்ட கீற்றுப் பேச்சு எடுக்காதீங்க தம்பி." அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. 2004 ஜூலை 16. சத்துணவு சமைத்த இடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தீ பரவி 94 குழந்தைகள். அன்று நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன், வேறு பள்ளி. மணி அடித்து எங்களை வீட்டுக்கு அனுப்பியதும், அப்பா என்னைத் தேடிப் பாதி வழியில் ஓடிவந்ததும்தான் ஞாபகம். அதற்கப்புறம்தான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது. அந்த அப்பா எழுந்து மன்னிப்புக் கேட்டார். வேண்டாம் உட்காருங்கள் என்றார்கள் எல்லோரும். கொல்லையில் இப்போது புங்கங்கன்று வைத்திருக்கிறோம், நிழல் வர வருஷம் ஆகும், பரவாயில்லை.

தீ என்றால் அப்படி விறைக்கிற நாங்கள் தண்ணீரைப் பார்த்தால் மட்டும் கைகூப்பி நிற்கிறோம். வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த அன்றைக்குப் பள்ளியில் பூத் தூவினார்கள். நானும்தான் தூவினேன். அந்தக் கயிறு கட்டிய கதவைத் திறந்துகொண்டு போய்த்தான் தூவினோம், பதினான்கு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு.

சரி, நேற்றைய கதை. தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். பெருமையாகத்தான் போனேன், ஒளிக்க என்ன இருக்கிறது. குழந்தைகள் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே நாற்காலி, முக்காலி எல்லாம் லேசான மரம், பிள்ளைகளே தூக்கி அடுக்கி, மேலே துணி போட்டு வீடு கட்டலாம். அதற்காகவே அப்படிச் செய்தது. என் அருமைப் பெண் ஒரு முக்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நேராகக் கொல்லைக் கதவுப் பக்கம் நடக்கிறாள். "எங்கேடி?" என்றால், "டக் பண்ண" என்கிறாள். நான் கடையில் இழுத்துப் பார்த்த வீடியோவை வீட்டில் பத்துத் தடவை ஓடவிட்டதன் பலன்!

நான் வாயைத் திறப்பதற்குள் ஆயாம்மா எழுந்துவிட்டார்கள். பாப்பாவைத் திட்டவில்லை, முக்காலியைப் பிடுங்கவும் இல்லை. வெண்டைக்காய்க் கூடையையும் பலகையையும் எடுத்துக்கொண்டு போய், கதவுக்கு முதுகைக் கொடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இப்படி வா, காம்பு கிள்ளு" என்றார்கள். பாப்பா முக்காலியைக் கீழே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தாள்.

அத்தை கூப்பிடுகிறார்கள், காபி ஆறுகிறதாம். வருகிறேன்.