அவ்லியா அமர்ந்த மலை

நேயர்கள் எல்லோருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இலங்கையில் உள்ள ஜெய்லானி என்ற முஸ்லிம் யாத்திரைத் தலத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். மனதுக்கு நெருக்கமான இடம், அதனால் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டேன்.

பலாங்கொடையிலிருந்து கல்தொட்டைப் பக்கம் போகும் பாதையில், இருபது கிலோமீட்டருக்கும் மேலே போனால் கூரகல மலை வரும். மலைநாடு அங்கே சட்டென்று முடிந்துவிடுகிறது. செங்குத்தான பாறைச் சரிவு, அதன் கீழே வளவை கங்கைச் சமவெளி கண்ணுக்கு எட்டிய தூரம் வரை விரிந்து கிடக்கும். அந்தப் பாறைகளுக்கு நடுவில் பள்ளிவாசல், கொடிமரம், குகைகள். இதைத்தான் நம் ஆட்கள் தப்தர் ஜெய்லானி என்கிறார்கள்.

முஹியித்தீன் ஆண்டவர் என்று நாம் அழைக்கும் சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் பெயரால் வழங்கும் இடம் இது. நம் வீடுகளில் எத்தனை முகைதீன், எத்தனை ஜெய்லானி, எத்தனை அப்துல் காதர்! ஆனால் அவர் அடங்கியிருப்பது பக்தாதில். 1166இல் அங்கேதான் மறைந்தார். நாகூருக்குப் போகிறவர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் அடக்கத்தின் முன்னால் போய் நிற்கிறார். ஜெய்லானிக்குப் போகிறவரோ, ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து இறைவனை நினைத்தார் என்று நம்பப்படும் குகையைப் பார்க்கப் போகிறார். இந்த யாத்திரையின் தனித்தன்மையே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் உண்மையிலேயே இங்கே வந்தாரா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் பல ஆண்டுகள் ஈராக்கின் பாழ்வெளிகளில் தனித்துத் திரிந்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தக் காலத்தில்தான் பாவா ஆதம் மலையை, அதாவது சிவனொளிபாத மலையை, தரிசிக்க வந்து, இந்தக் குகையில் தங்கினார் என்பது ஜெய்லானி மரபு. இதற்கு எழுத்துச் சான்று தேடி அலைவதை விட, முஸ்லிம் யாத்திரிகர்கள் இந்தத் தீவுக்கு வந்த வழியைப் பார்ப்பது நல்லது. 1344இல் வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, ஆதம் மலைக்கு இரண்டு பாதைகள் இருந்ததாக எழுதுகிறார். ஒன்று பாபா பாதை, கடினமானது. மற்றது மாமா பாதை, இலேசானது. இலேசான பாதையில் போய்வந்தவரை யாத்திரை செய்தவராகவே மற்றவர்கள் கணக்கில் எடுக்கமாட்டார்களாம்! பாரசீகத்தின் ஷீராஸ் நகரத்து ஷெய்க் இப்னு கஃபீப்தான் அந்த மலைக்கு முதலில் வழி திறந்தவர் என்றும் சொல்கிறார். அவர் மறைந்தது 982இல். அப்படியானால் இந்த மலைகளில் பக்கீர்மார் என்னும் முஸ்லிம் துறவிகளின் காலடி ஆயிரம் வருடப் பழக்கம்.

இனிக் கந்தூரிக்கு, அதாவது ஆண்டவரின் பெயரால் நடக்கும் வருடாந்த விழாவுக்கு, வருவோம். ரபீஉல் ஆகிர் மாதத்தில் கொடியேறும். அந்த மாதம் 11ஆம் நாள் ஆண்டவரின் நினைவு நாள். பிறைக் கணக்கு வருடத்துக்குப் பதினொரு நாள் அளவில் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால், கந்தூரி சில வருடம் கடும் வெயிலில் வரும், சில வருடம் அடைமழையில் வரும். அக்கரைப்பற்று, காத்தான்குடி, கொழும்பு என்று எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வந்து தங்குவார்கள். மவ்லிது என்னும் புகழ்ப்பாக்களை ஓதுவார்கள், நேர்ச்சை கொடுப்பார்கள், கந்தூரிச் சோறு பங்கிடுவார்கள். இரவில் பாவாமார் எனப்படும் பக்கீர்கள் தாயிரா மேளம் அடித்து, ரிஃபாயி ராத்தீப் என்ற கூட்டு வழிபாட்டை நடத்துவார்கள். உடம்பில் ஊசியையும் கத்தியையும் செலுத்திக்கொள்ளும் அந்தக் காட்சியைச் சிலர் ஆவலோடு பார்ப்பார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மார்க்கத்தில் இதற்கு இடமில்லை, கந்தூரியே வேண்டாம் என்று சொல்லும் முஸ்லிம்களும் நம்மிடையே நிறைய உண்டு. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும் இந்தப் பழக்கம் அற்றுப்போக வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலையை ஒட்டி எழுந்த பிணக்கையும் பேசாமல் விட முடியாது. இங்குள்ள குகைகளில் கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பௌத்த பிக்குகள் வாழ்ந்த இடம் இது. அவர்களுக்கும் முன்னால் கற்கால மனிதர் வாழ்ந்த தடயமும் கிடைத்திருக்கிறது. 2013இல் இது பௌத்தத் தலம் என்று சொல்லி எழுந்த எதிர்ப்பு வலுத்து, தர்காவைச் சேர்ந்த சில கட்டடங்கள் அகற்றப்பட்டன. 2022இல் பௌத்தர்களின் அரச வெசாக் விழா கூரகலவில் நடந்தது. ஜெய்லானியை நேசிக்கும் பலருக்கு இந்த வருடங்கள் மிகுந்த வலியைத் தந்தன, எனக்கும்தான். ஆனால் அந்தக் கல்வெட்டுகளை மறுக்க நமக்கு எந்தத் தேவையும் இல்லை. உலகத்தை விட்டு ஒதுங்கித் தியானிக்க பிக்குகள் தேடி வந்த பாறைகளையே பிற்காலத்தில் பக்கீர்மாரும் தேடி வந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் போதுமான இடம் அந்த மலையில் இருக்கிறது.

போக நினைக்கும் நேயர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. பாறை விளிம்பை ஒட்டிய வழி குறுகலானது, பக்கத்திலேயே பெரும் பள்ளம். சிறுபிள்ளைகளையும் முதியவர்களையும் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். மழை பெய்த பிறகு யாருமே போகவேண்டாம். தொல்லியல் திணைக்களத்தின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். பாறையில் பெயர் எழுதாதீர்கள், விளக்கு எண்ணெயைக் கல்வெட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கந்தூரித் திகதியைப் பிறை பார்த்துத்தான் அறிவிப்பார்கள், அதனால் விசாரித்துக்கொண்டு பயணத்தை ஒழுங்கு செய்யுங்கள். நன்றி, வணக்கம்.