பாலிசியில் ரூம் வாடகை என்று ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளைம் ஃபைல்களைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்று பேசப்போவது என் அண்ணனின் ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி.

அண்ணனுக்கு வயது 63. கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. போன மழைக்காலத்தில் பித்தப்பைக் கல்லால் வலி தாங்க முடியாமல், ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீட்டு பாலிசி, ஆறு வருடமாகத் தவறாமல் பிரீமியம் கட்டியது. பில் இரண்டு லட்சம். டிஸ்சார்ஜ் அன்று கவுன்ட்டரில், ‘நீங்கள் கட்ட வேண்டியது 97,600’ என்றார்கள். ‘மூணு லட்சத்துக்குத்தானேடா எடுத்தேன்’ என்று அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவர் பாலிசியை நான் ஒரு தடவைகூடப் பிரித்துப் படித்ததில்லை. அந்த வருத்தம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

கணக்கைச் சொல்கிறேன், முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். அந்த பாலிசியில் ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய் வரைதான். அந்த அவசரத்தில் நாங்கள் எடுத்தது 6,000 ரூபாய் ரூம். நான்கு நாளைக்கு 24,000. அதில் பாதி, 12,000 கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ரூம் பெரிதானால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாமே அந்த ரூமின் தரத்துக்கு ஏறும். அதனால் கம்பெனி அவற்றையும் அதே விகிதத்தில் வெட்டும். 1,20,000 ரூபாய் 60,000 ஆனது. மருந்து, பரிசோதனைக்கான 56,000-ல் இந்த வெட்டு கிடையாது. ஆக மொத்தம் 1,28,000. அதற்கும் மேலே கோ-பே. அறுபது வயது தாண்டியவர் 20 சதவீதம் தானே ஏற்க வேண்டும் என்று அந்த பாலிசியில் இருந்தது. அது 25,600. கடைசியில் கம்பெனி தந்தது 1,02,400. 3,000 ரூபாய் ரூமிலேயே இருந்திருந்தால், கோ-பே போக மற்றதெல்லாம் கிடைத்திருக்கும்.

மலையில் இருக்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து பிரீமியம் வைக்கின்றன. சின்ன ஊர் விலாசத்தில் குறைந்த பிரீமியத்துக்கு எடுத்து, பெருநகரத்தில் சிகிச்சை பார்த்தால் அதற்கென்று தனியாக ஒரு கோ-பே பிடிப்பார்கள். பெரிய வைத்தியம் என்றால் நாம் கீழேதானே இறங்குகிறோம்? எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குக் கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு ஊட்டி கலெக்டர் ஆபீஸ் போய்ப் பதிந்துகொள்ளலாம். நோய் வந்த பிறகு ஓடாதீர்கள்.

தொகை போதாது என்று நினைப்பவர்களுக்கு டாப்-அப் உண்டு. அதில் இரண்டு வகை. செலவு மூன்று லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையை மட்டும் தருகிற டாப்-அப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வருடத்தில் இரண்டு தடவை படுத்து, தடவைக்கு இரண்டு லட்சம் ஆனால், சாதா டாப்-அப் ஒரு பைசா தராது; ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் வருடக் கணக்கைக் கூட்டிப் பார்ப்பதால் ஒரு லட்சம் தரும். என்னைக் கேட்டால் சூப்பர் டாப்-அப்தான் எடுப்பேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது. மிச்சமாகிற பணத்தை இதில் போடலாம்.

பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாளுக்குள் ரூம் வாடகை, கோ-பே, காத்திருப்புக் காலம் ஆகிய மூன்று இடங்களையாவது படித்துவிடுங்கள். காத்திருப்புக் காலம் என்றால், பாலிசி எடுத்த பிறகும் சில நோய்களுக்குப் பணம் தராத ஆரம்ப காலம். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்குக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம்தான். ஆனால் இருப்பதை மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அண்ணனுக்குப் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. ரூம் வாடகைக்கு வரம்பு வைக்காத வேறொரு கம்பெனிக்கு மாற்ற, ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பித்துவிட்டோம். ஏற்கெனவே காத்திருந்த காலமும் அங்கே கணக்கில் சேரும். அண்ணி அந்த விவரப் புத்தகத்தைப் படித்து, புரியாத வரிகளில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி போய் அவரோடு உட்கார வேண்டும். நன்றி, வணக்கம்.