அடி தாங்கப் பழகிய மாணவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அறுபதுகளின் அமெரிக்கா என்றால் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது நீளமுடி, கிதார், ஊர்வலம், தீ, சுடப்பட்ட தலைவர்கள். ஒரு தலைமுறை திடீரென்று கொதித்தெழுந்தது என்றுதான் கதை சொல்லப்படுகிறது. பல வருடங்களாக இந்தக் காலத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். 'திடீரென்று' என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பிள்ளைகள் பயிற்சி எடுத்தார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தார்கள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கடை. வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ நகரம், அங்கே உல்வொர்த் என்ற பெரிய பலசரக்குக் கடை. 1960 பிப்ரவரி 1. கறுப்பின மாணவர்கள் நான்கு பேர் உள்ளே போனார்கள். பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களை வாங்கி ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அதே கடையின் சாப்பாட்டுப் பகுதியில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கிடைக்கவில்லை. கறுப்பினத்தவர் அங்கே உட்கார்ந்து சாப்பிட அனுமதி கிடையாது. அந்த ரசீதை யோசித்துப் பாருங்கள். ஒரு கல்லாவில் எங்கள் காசு செல்லும், பத்தடி தள்ளி இன்னொரு கல்லாவில் செல்லாதா? அதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. கடை மூடும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வாரக் கடைசிக்குள் நூற்றுக்கணக்கில் கூடிவிட்டார்கள்.

செய்தி தென்மாநிலங்கள் முழுக்கப் பரவியது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில் மட்டும் மாணவர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். அவர்களைத் தயார் செய்தவர் ஜேம்ஸ் லாசன். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொரியப் போருக்கு ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்ற இளைஞர். வெளியே வந்ததும் மெதடிஸ்ட் திருச்சபை மூலம் இந்தியாவுக்கு வந்தார். நாக்பூரில் ஒரு கல்லூரியில் வேலை. காந்தி மறைந்து சில வருடங்களே ஆகியிருந்த நேரம் அது. சத்தியாகிரகத்தை இங்கேயே இருந்து படித்தார். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், நிறம் பார்த்து இருக்கை ஒதுக்குவதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணிக்கும் செய்தியை நாக்பூர் செய்தித்தாளில்தான் பார்த்தார். ஊர் திரும்பியதும் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். தாமதிக்காமல் தெற்கே வாருங்கள் என்றார் கிங்.

நாஷ்வில்லில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய வகுப்புகள் நடந்தன. பாடத்தோடு நாடகமும் உண்டு. நாற்காலிகளை வரிசையாகப் போட்டுச் சிலர் உட்காருவார்கள். மற்றவர்கள் வெள்ளைக்கார ரவுடிகளாக நடிப்பார்கள். காதுகூசும் வசவுகளை வைவார்கள், முடியைப் பிடித்து இழுப்பார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து தள்ளிவிடுவார்கள். விழுந்தால் தலையை எப்படிக் காப்பது, பக்கத்தில் ஒருவரை அடித்தால் எப்படிக் குறுக்கே புகுந்து அடியைப் பகிர்ந்துகொள்வது என்பதையெல்லாம் செய்து பழகினார்கள். தனக்குக் கோபம் வந்துவிடும் என்று நினைத்தவருக்கு உட்காருவதைத் தவிர வேறு வேலை கொடுக்கப்பட்டது. டயேன் நாஷ், ஜான் லூயிஸ், பெர்னார்ட் லஃபாயெட் போன்றவர்கள் உருவானது அந்த அறையில்தான். எல்லாருக்கும் இருபது வயதையொட்டித்தான் இருக்கும்.

பிப்ரவரி 27-ஆம் தேதி அந்த நாடகம் நிஜமானது. நாஷ்வில் கடைகளில் உட்கார்ந்திருந்த மாணவர்களைக் கும்பல் புகுந்து அடித்தது. போலீஸ் வந்து அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்ட மாணவர்கள் ஏறத்தாழ 80 பேரைக் கைது செய்தது. ஒரு வரிசை எழுந்து வேனுக்குப் போனதும் அடுத்த வரிசை வந்து அதே இருக்கைகளில் உட்கார்ந்தது. அவர்களிடம் எழுதப்பட்ட விதிகளும் இருந்தன. திருப்பி அடிக்காதே, நிமிர்ந்து உட்கார், மரியாதையாகப் பேசு, வாசலை மறிக்காதே. லூயிஸும் லஃபாயெட்டும் எழுதியவை அவை. அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். லாசனை அவர் படித்த பல்கலைக்கழகம் நீக்கியது.

ஏப்ரல் 19 விடியற்காலையில் அந்த மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானவர்கள் பேச்சில்லாமல் நகர மண்டபம் வரை நடந்தார்கள். படிக்கட்டில் மேயர் பென் வெஸ்ட் நின்றிருந்தார். டயேன் நாஷ் நேருக்கு நேர் கேட்டார்: நிறத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்களா? மேயர் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். மூன்று வாரத்தில், மே 10-ஆம் தேதி, நாஷ்வில் கடைகளின் சாப்பாட்டு மேசைகள் எல்லாருக்கும் திறந்தன. அந்தக் கேள்வியின் எளிமையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது, இன்னும் எனக்கு அலுக்கவில்லை. சட்டம், சம்பிரதாயம், ஊர் வழக்கம் என்று மேயர் எதற்குப் பின்னாலும் ஒதுங்க முடியாத கேள்வி அது.

அங்கே கற்றது அங்கேயே நிற்கவில்லை. 1961 மே மாதம், பேருந்துகளில் நிறம் பார்த்து ஒதுக்குவதை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து 'விடுதலைப் பயணம்' போனார்கள். அந்தப் பேருந்து ஒன்றை அலபாமாவில் கொளுத்தினார்கள். முதலில் போனவர்களால் தொடர முடியவில்லை. நாங்கள் போகிறோம் என்று எழுந்தவர்கள் இதே நாஷ்வில் மாணவர்கள். உயில் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். 1964 கோடையில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய, வெளி மாநிலங்களிலிருந்து ஏராளமான மாணவர்கள் தெற்கே மிசிசிப்பிக்குப் போனார்கள். அதில் ஒருவர் மாரியோ சேவியோ. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், அவர் படித்த கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், சிவில் உரிமை அமைப்புக்காக மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரைப் போலீஸ் காரில் ஏற்றியது. மாணவர்கள் அந்தக் காரைச் சுற்றி 32 மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். காரின் கூரைதான் மேடை. ஏறிப் பேசியவர்கள், காருக்குச் சேதம் வரக்கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள்! சேவியோவும் அப்படித்தான். மிசிசிப்பி அவருக்குக் கற்றுக்கொடுத்தது பெர்க்லியில் தெரிந்தது. பின்னால் வந்த வியட்நாம் போர் எதிர்ப்புக் கூட்டங்களுக்கும் இந்த அனுபவம் கைகொடுத்தது.

எல்லாரும் அகிம்சையிலேயே நின்றார்களா? இல்லை. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதி கலவரத்தில் எரிந்தது, 34 பேர் இறந்தார்கள். வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சட்டம் வந்தும் வேலை இல்லை, வீடு இல்லை, போலீஸ் மாறவில்லை என்றால் கோபம் வராதா? அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நேரம் முடியப் போகிறது என்று இங்கே சைகை காட்டுகிறார்கள். வியட்நாம் போரையும், சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது நடந்த போராட்டத்தையும் சொல்ல வேண்டும் என்று வந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1968-இல் மெம்பிஸ் நகரில் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டக் குழுவின் தலைவர் வேறு யாருமில்லை, அப்போது மெம்பிஸில் போதகராக இருந்த நம் லாசன்தான். கிங்கை அங்கே அழைத்தவரும் அவர்தான். ஏப்ரல் 4 அன்று கிங் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனாலும் தொழிலாளர்கள் பின்வாங்கவில்லை. ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் அவர்களுடைய சங்கத்தை ஏற்றுக்கொண்டது, கூலி உயர்வுக்கும் சம்மதித்தது. லாசன் 2024-இல், 95 வயதில் காலமானார். கடைசி வரை வகுப்பு எடுப்பதை அவர் விடவில்லை. வணக்கம்.