விளங்காத கைக்கு வேலை கொடுங்கள்

(பாம்பனில் மீனவக் குடும்பங்கள் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நம் கரையோர ஊர்களில் ஒருவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டால் வீட்டில் என்ன நடக்கிறது? சோறு பிசைந்து ஊட்டுகிறோம், சட்டை மாட்டிவிடுகிறோம், "நீங்க சும்மா இருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்கிறோம். பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தாலேயே தேறியிருக்க வேண்டிய கை தேறாமல் கிடப்பதை ஒரு பிசியோதெரபிஸ்டாக நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இதை ஆராய்ந்து சொன்னவர் எட்வர்ட் டவுப் என்ற அமெரிக்கர். அவர் டாக்டர் கூட இல்லை, உளவியல் ஆய்வாளர். அவருக்கு முன்னால், 1895-ல், மாட், ஷெரிங்டன் என்ற இருவர் குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு வேர்களை மட்டும் வெட்டிப் பார்த்தார்கள். தசையை இயக்கும் நரம்பு அப்படியே இருந்தும் குரங்கு அந்தக் கையைத் தொங்கப் போட்டுவிட்டது. சரி, உணர்ச்சி போனால் அசைவும் போய்விடும் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். டவுப் செய்தது ஒன்றுதான், அந்த மாதிரிக் குரங்கின் நல்ல கையைக் கட்டிப் போட்டார். தொங்கிக் கிடந்த கை சாப்பாட்டை எடுக்க நீண்டது.

அப்படியென்றால் கைக்குத் திறன் போகவில்லை. அடிபட்ட புதிதில் முயற்சி செய்து பார்க்கிறது, முடியவில்லை, நல்ல கையால் காரியம் நடந்துவிடுகிறது, அப்புறம் முயற்சியையே விட்டுவிடப் பழகிக்கொள்கிறது. பின்னால் நரம்பு ஓரளவு தேறிய பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. (அந்தக் குரங்குகளை வைத்திருந்த விதத்துக்காக 1981-ல் டவுப் மேல் வழக்கு வந்தது, தண்டனை பின்னால் ரத்தானது. அந்த உயிர்கள் பட்ட பாட்டையும் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.)

மனிதர்களிடம் இதைப் பெரிய அளவில் சோதித்த முடிவு 2006-ல் வந்தது. வாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர். அதில் ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் அப்படியே வைத்து, விளங்காத கைக்கு இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் கை நன்றாகத் தேறியது, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தேர்ச்சி நிலைத்திருந்தது. இப்படிப் பழக்கும்போது மூளையில் அந்தக் கையை இயக்கும் பகுதியே விரிவடைகிறது என்று வேறு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்து அண்ணன் ஒருவர், வல்லத்தில் மீன்பிடிக்கப் போனவர், வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு இடது கையாலேயே கிழிசலைக் கட்டுவார், வலது கை மடியில் கிடக்கும். மணிக்கட்டைத் தூக்கச் சொன்னேன், கொஞ்சம் தூக்கினார். போதும் என்று இடது கையைத் துண்டால் சுற்றிவிட்டு ஊசியை வலது கையில் கொடுத்தேன். ஒரு கண்ணிக்குள் ஊசியை நுழைக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் மதினி எழுந்து வந்துவிட்டார், அவரை உட்கார வைப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. ஊசி விழுந்தது, எடுத்தார், திரும்ப விழுந்தது. கடைசியில் நுழைந்தது.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. மணிக்கட்டிலும் விரலிலும் கொஞ்சமாவது அசைவு இருக்க வேண்டும், துவண்டே கிடக்கும் கைக்கு வேறு பயிற்சி. வாதம் வந்த முதல் நாட்களிலேயே போட்டு வருத்தக் கூடாது. நடக்கும்போதும் அடுப்படியிலும் நல்ல கையைக் கட்டவே கூடாது. இன்னொன்று, வாய் கோணுவதும் பேச்சு குழறுவதும் வாதம் வருவதற்கான அடையாளம், அப்படி ஆனால் புறா ரத்தம் தேய்த்து நேரத்தைக் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

யார் வீட்டிலாவது இப்படி இருக்கிறவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மணிக்கட்டு தூக்க வருகிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம்.