யானை டிக்கெட்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி நாட்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆசிரியரும் இல்லை, பாடமும் இல்லை. கண்டக்டர்தான்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. 1983-ல் மும்பையின் தாராவியில், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் அவனுக்கு அதுதான் பெயர். ஸ்பிரிங் தளர்ந்த பழைய டிக்கெட் பஞ்ச் ஒன்று எப்படியோ அவன் கைக்கு வந்திருந்தது. பெஸ்ட் என்ற மும்பை நகர பஸ்ஸின் கண்டக்டர்கள் அதை டக் டக்கென்று அடித்துக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து வருவார்களே, அதே தாளத்தில் அடித்து, "ஆகே சலோ, ஆகே சலோ" என்பான், முன்னே போங்கள் என்று. ஆசிரியர் அதட்டியும் வரிசையில் நிற்காத பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கு ஒழுங்காக நகரும். பள்ளிக்கூட மணிக்கே அந்த மரியாதை கிடைத்ததில்லை.

விடியற்காலையில் அவன் அம்மா இட்லி விற்கப் போகும்போது சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு இவனும் போவான். அதனால் மாட்டுங்கா, சயான் தெருக்களெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மராத்தியும் இந்தியும் தண்ணீர் பட்ட பாடு. எங்களுக்கோ தொண்ணூறு அடி ரோட்டைத் தாண்டினாலே வெளியூர். அவன் சொல்வதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவோம்?

டிசம்பரில் எலிஃபண்டா தீவுக்குச் சுற்றுலா என்று அறிவித்தார்கள். "பெயரிலேயே யானை இருக்கிறது, தீவில் இல்லாமலா போகும்?" என்றான் கண்டக்டர். மறுநாளே பழைய பஸ் டிக்கெட்டுகளின் பின்புறம் பென்சிலால் யானை வரைந்து, பஞ்சால் ஓட்டை போட்டு, ஆளுக்குப் பத்துப் பைசா என்று விற்றான். என் டிக்கெட்டில் இருந்த யானைக்குத் தும்பிக்கையும் வாலும் ஒரே நீளம். எது முன்பக்கம் என்று கேட்டதற்கு, "நேரில் பார்க்கத்தானே போகிறாய்" என்றான்.

பஸ் அம்பேத்கர் சாலையில் நேராகப் போனது. தாதர், பரேல், பைகுல்லா என்று ஒவ்வொரு இடத்தையும் அவன் கூவிக்கொண்டே வந்தான். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து விசைப்படகில் ஒரு மணி நேரம். சிலருக்கு வாந்தி. பிறகு படிகள். குகைக்குள் சுமார் 20 அடி உயரத்தில் மூன்று முகச் சிவன் மார்பளவுச் சிற்பமாகக் கண்மூடி இருக்கிறார். உலகமே வந்து பார்க்கும் அந்தச் சிற்பத்தை நாங்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தூணுக்குத் தூண் யானையைத் தேடிக்கொண்டிருந்தோம். குரங்குகள்தான் இருந்தன. அவற்றில் ஒன்று டீச்சருடைய புளிசாதப் பொட்டலத்தோடு மரமேறிவிட்டது.

திரும்பும்போது படகிலேயே அவனை வளைத்துக்கொண்டார்கள். "யானை எங்கேடா?" எதற்கும் பதில் வைத்திருப்பவன் அன்று வாயைத் திறக்கவில்லை. கால்சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து ஒவ்வொருவருக்கும் பத்துப் பைசா எண்ணிக் கொடுத்தான். என்னிடம் வரும்போது காசு தீர்ந்துவிட்டது. மற்றவர்களுக்குக் கடலை வாங்கிக் கொடுத்ததும் அதே காசில்தான். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை. "உனக்கு நாளைக்குத் தருகிறேன்" என்றான்.

அந்த நாளை வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் இல்லை. ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். ஊர் என்றால் திருநெல்வேலிப் பக்கம், அவ்வளவுதான் தெரியும்.

பல வருடங்கள் கழித்து, பைகுல்லாவில் உள்ள ராணி பாக் பூங்காவுக்கு மகளை அழைத்துப் போனேன். அங்கிருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெளியே ஒரு கல் யானை நிற்கிறது. போர்த்துக்கீசியர் அந்தத் தீவில் பார்த்து, தீவுக்கே பெயர் வைக்கக் காரணமான யானை இதுதான். 1864-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது கிரேன் முறிந்து, யானை கீழே விழுந்து உடைந்தது. துண்டுகளைச் சேர்த்து 1914-ல் மறுபடி நிறுத்தினார்கள்.

வெளியே வந்தால் அதே அம்பேத்கர் சாலை. அன்று காலை அவன் "பைகுல்லா, பைகுல்லா" என்று கூவியபோது யானை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

கண்டக்டர், நீ எந்த ஊரில் இருந்தாலும் சரி, அந்தப் பத்துப் பைசாவைக் கணக்கிலிருந்து அடித்துவிடு. நான் யானையைப் பார்த்துவிட்டேன்.

வணக்கம்.